குருத்துப் போர்வை

இலைன்னா வெளிச்சத்தைத்தானே பார்க்கணும். இது ஏன் நம்ம ஜன்னலைப் பார்க்குது?

கையில் ஈரத்துணியோடு பின்தோட்டத்தில் நின்றபடி அவள் இதை நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அடுக்களையிலிருந்து நாத்தனார் ஒரு பதில் சொல்வாள், அந்தப் பதில் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நெஞ்சில் கிடந்து அறுக்கும். சூரியன் மேற்குச் சுவருக்கு மேலே இருந்தது. மற்ற செடிகளெல்லாம் முகத்தை அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு நின்றன. குழிக்குள் இருந்த, பெரியவர் என்று பேர் வைத்த அந்தச் செடி மட்டும் தன் எல்லா இலைகளையும் வீட்டுப் பக்கம் திருப்பியிருந்தது. வீட்டின் பின்சுவர் எப்போதும் நிழலில் கிடப்பது. அங்கே இருப்பது இரண்டு ஜன்னல்கள். ஒன்று அடுக்களையுடையது, மற்றது அவளும் குழந்தையும் படுக்கும் அறையுடையது. இலைகள் பார்த்தது இரண்டாவதை.

துணியை நனைத்துப் பிழிந்து துடைக்கத் தொடங்கினாள். அகன்ற இலைகளின் மேல் புழுதி படிந்தால் அவற்றுக்கு மூச்சு முட்டும் என்று நாத்தனார் சொல்லியிருக்கிறாள். தினமும் துடைக்க வேண்டும். ஒவ்வொரு இலையும் ஒரு சாப்பாட்டு மேசை அகலம். மேற்புறம் உப்புத்தாள்போல் சொரசொரக்கும், அடிப்புறத்தில் நரம்புகள் விரல் தடிமனில் புடைத்துக்கொண்டு ஓடும், காம்பு நெடுக முள். துடைக்கும்போது நடு நரம்பின்மேல் அவள் உள்ளங்கை பட்டது. இலை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இது வெதுவெதுவென்று இருந்தது, தூங்கி எழுந்த பிள்ளையின் முதுகைப்போல.

"என்ன, பெரியவரோட ரகசியம் பேசிட்டிருக்கியா?" அடுக்களை ஜன்னலில் நாத்தனாரின் முகம் தெரிந்தது. "துடைச்சு முடி. அந்த வாழைக்கு நிழல்வலை கிழிஞ்சு தொங்குது. கண்ணு இருக்கா, இல்ல அதையும் புருஷன்கிட்ட குடுத்தனுப்பிட்டியா?"

"இதோ கட்டறேன் அண்ணி."

புருஷன் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்ப்பவன். கரை கண்டால்தான் பேசுவான். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அக்கா வீட்டில் இருங்கள், நான் திரும்பும்வரைக்கும்தானே என்று அவன் சொல்லிப் போனதிலிருந்து, அவள் இந்த வீட்டில் சாப்பிடும் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கணக்கு இருப்பதுபோல நடந்துகொண்டாள். யாரும் கணக்குக் கேட்கவில்லை. கேட்காததுதான் இன்னும் கனத்தது.

அந்த ஊர் மேட்டு நிலம். கோடையில் தெற்கிலிருந்து வரும் காற்று கொடியில் போட்ட துணியைப் பலகையாக்கிவிடும், குளிர்காலத்தில் மண் உறைந்து காலடியில் கண்ணாடிபோல நொறுங்கும். அங்கே கள்ளிகூட நாலு பேரிடம் யோசனை கேட்டுவிட்டுத்தான் முளைக்கும். அப்படிப்பட்ட இடத்தில் நாத்தனார் யானைக்காதுச் செடியையும் அலங்கார வாழையையும் தொட்டிகளில் வளர்த்து, ஓட்டல்களுக்கும் வங்கிகளுக்கும் வாடகைக்கு அனுப்பினாள். பிடிவாதத்தால் வளர்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். நாலு புறமும் காற்றைத் தடுக்க ஈரச்சாக்குகளைத் தொங்கவிட்டிருந்தாள். பெரியவருக்கு மட்டும் தொட்டி கிடையாது. அதற்குத் தோட்டத்தின் நடுவே ஒரு குழி தோண்டி, அடியில் பழைய தார்ப்பாய் விரித்து, அதன்மேல் சாண மண் நிரப்பி, தண்ணீர் இறங்காமல் சேறாக நிற்கும்படி செய்திருந்தாள். பெரியவர் என்று பேர் வைத்தது குழந்தை. வந்த புதிதில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, "இவர் பெரியவர். நாமெல்லாம் வெறும் ஆளுங்க" என்றது. நாத்தனார் சிரித்து அவள் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அப்போது குழந்தை அப்படித்தான் இருந்தது. வாய் ஓயாது. சட்டைப் பொத்தானுக்குக்கூட ஏன் நாலு ஓட்டை என்று கேட்கும். பால் சூடு, தலைவாரினால் வலி, ஸ்வெட்டர் போட்டால் கழுத்தில் குத்துகிறது. எல்லாவற்றுக்கும் ஒரு பஞ்சாயத்து. அடுத்தவர் வீட்டில் அடங்கி இருக்க வேண்டிய அவளுக்கு அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் முதுகில் விழும் அடியாக இருந்தது. கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருக்க மாட்டியா என்று எத்தனையோ தடவை பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

போன குளிர்காலம் தொடங்கும்போது நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பெரியவரைக் குளிருக்கு மூடுவதற்கு ஒரு முறை உண்டு. முதல் பனி விழும் என்று தெரிந்தால் அதற்கு முன்பே இலைகளை அடியோடு வெட்டிவிட வேண்டும். தரையோடு குத்துக்கல்போல நிற்கும் குருத்தைச் சுற்றி வைக்கோல் அடைக்க வேண்டும். வைக்கோலுக்குள் கம்பளித் துணி ஏதாவது செருகி, மேலே அதன் சொந்த இலைகளையே குப்புறக் கவிழ்த்து ஓடு வேய்வதுபோல அடுக்கி, சாக்குப் போட்டுக் கட்டிவிட வேண்டும். அதற்குமேல் வசந்தம் வரும்வரை தொடக் கூடாது. நடுவில் பிரித்தால் உள்ளே இருக்கும் சூடு போய்க் குருத்து அழுகிவிடும். அந்தத் துணிக்கு மட்டும் நாத்தனார் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். பின்னறை டிரங்குப் பெட்டியில் இருக்கும், செத்துப்போன தன் புருஷனின் பழைய கம்பளிச் சட்டைகளைத்தான் வைக்க வேண்டும்.

"வேற துணி வச்சா என்ன அண்ணி?"

"இருக்கிறவங்க துணி வைக்கக் கூடாது."

"ஏன்?"

"ஏன்னா வைக்கக் கூடாது."

அன்றைக்குப் பார்த்து நாத்தனார் வேனில் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு வெளியூர் ஓட்டலுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் போன் வந்தது. "பனி விழும்னு ரேடியோல சொல்றான். நான் வந்து சேர மாட்டேன். பெரியவரை மூடிடு. சொதப்பிடாதே." டிரங்குப் பெட்டி பூட்டிக் கிடந்தது, சாவி எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டுக் கேட்டால் அதற்கும் ஒரு பேச்சு விழும். வெளிச்சம் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. கொடியில் குழந்தையின் மஞ்சள் ஸ்வெட்டர் காய்ந்துகொண்டிருந்தது.

"அது என்னோடது" என்றது குழந்தை.

"கழுத்துல குத்துதுன்னு தினமும் அழுவியே. ஒரு குளிருக்கு அவர் போட்டுக்கட்டும். உனக்கு வேற வாங்கித் தரேன்."

"அவருக்குக் குத்தாதா?"

"குத்தாது."

"குத்துச்சுன்னா யார்கிட்ட சொல்லுவாரு?"

வாயை மூடு என்று சொல்லிவிட்டு அவள் ஸ்வெட்டரைக் குருத்தைச் சுற்றிச் செருகினாள். கைகள் இரண்டும் அதைக் கட்டிப்பிடித்தாற்போல் முன்பக்கம் வந்து விழுந்தன. வைக்கோலால் மறைத்தாள். மூடினாள். கட்டினாள். நாத்தனார் வந்து பார்த்து, "பரவாயில்லையே" என்றாள். அந்த ஒரு சொல்லைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

பனி கெட்டியாக விழுந்த நாட்களில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு நாள் விடியற்காலை எழுந்து பார்த்தபோது படுக்கை காலியாக இருந்தது. பின்கதவு திறந்திருந்தது. குழந்தை தோட்டத்தில் சாக்கு மூட்டையின் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தது. தூக்கி வந்து போர்வைக்குள் போட்டு உடம்பைத் தேய்த்தாள். குழந்தை அழவில்லை. காய்ச்சல் விட்டது. அந்தக் காய்ச்சலோடு வாயும் போயிற்று. அதற்குப் பிறகு குழந்தை எதற்கும் அடம் பிடிக்கவில்லை. பாலைக் குடி என்றால் குடித்தது. தலையைக் காட்டு என்றால் காட்டியது. நாத்தனாரே ஒரு நாள், "இப்பத்தான் பொண்ணா அடங்கியிருக்கா" என்றாள். அன்றைக்கு அவளுக்குள் ஒரு நிம்மதி படர்ந்தது. அப்பாடா என்று இருந்தது. பிறகு அந்த அப்பாடாவை நினைத்து அவளுக்கே கூசியது.

வசந்தத்தில் நாத்தனார் தொட்டிகளோடு வெளியே போயிருந்தபோது அவளே மூட்டையைப் பிரித்தாள். சாக்கு இருந்தது. கறுத்துப்போன இலைகள் இருந்தன. வைக்கோல் இருந்தது. ஸ்வெட்டர் இல்லை. எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு நூல்கூட மிச்சம் வைக்காத எலி.

இப்போது கோடை. காற்று வந்தது. வாழையிலைகள் நார்நாராகக் கிழிந்தன, யானைக்காதுகளின் ஓரம் தீயில் காட்டிய காகிதம்போலச் சுருண்டது. நாத்தனார் காலையும் மாலையும் தெளிப்பானோடு ஓடினாள், ஓட்டல்காரர்களிடம் போனில் மன்னிப்புக் கேட்டாள், அடுக்களையில் பாத்திரங்களை எறிந்தாள். பெரியவருக்கு மட்டும் ஒரு கீறல்கூட விழவில்லை. வாரத்துக்கு ஒரு புது இலை, சுருட்டிய பாய்போல நிமிர்ந்து வந்து, ஜன்னலை நோக்கி மெல்ல விரிந்தது. காலை வேளைகளில் இலை நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டும். பெரிய இலைகள் அப்படித்தான், அதிகமாகக் குடித்ததை விடியலில் நுனி வழியாகக் கக்கிவிடும் என்று நாத்தனார் சொல்லியிருக்கிறாள். படுக்கையில் கிடந்தபடி அவள் அந்தச் சத்தத்தைக் கேட்பாள். சொட். சொட். மழையில்லாத ஊரில், இலையிலிருந்து இலைக்கு.

குழந்தையின் படுக்கை விரிப்பும் காலையில் ஈரமாக இருந்தது. படுக்கையை நனைத்துவிட்டதோ என்று முதலில் நினைத்தாள். இடுப்புப் பக்கம் காய்ந்துதான் இருந்தது. ஈரம் இருந்தது கைகள் கிடந்த இடங்களில், இரு பக்கமும், தட்டகலத்துக்கு. முகர்ந்து பார்த்தாள். வாடையே இல்லை. பச்சைத் தண்ணீர்.

பள்ளிக்கூடம் திறக்கும் முன் சீருடை தைக்கக் குழந்தையைத் தையல்காரரிடம் கூட்டிப் போனாள். அவர் நாடாவைப் போட்டார், எடுத்தார், மறுபடியும் போட்டார்.

"என்னம்மா, பொண்ணுக்கு உரம் போட மறந்துட்டீங்களா? போன வருஷ அளவே இருக்கு. மடிப்புகூடப் பிரிக்க வேண்டாம்."

"சில பிள்ளைங்க மெதுவாத்தான் வளரும்."

"வளரட்டும், வளரட்டும். எனக்கென்ன, துணி மிச்சம்." சிரித்துக்கொண்டே குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். தட்டிய கையைப் பார்த்தார். பிறகு ஈரமான அந்தக் கையைத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அவள் குழந்தையை மடியில் உட்கார வைத்து நகங்களைப் பார்த்தாள். கடைசியாக எப்போது வெட்டினோம் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. வெட்டியதிலிருந்து அவை வளரவும் இல்லை. மெல்லிசாக, வெளிச்சம் ஊடுருவும்படி இருந்தன, வெங்காயத்தின் உள்தோல்போல. குழந்தை தன் பாட்டுக்கு முன்னறை ஜன்னல் வழியாக வந்த வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மடியில் கனமே இல்லை. வெயில் நகர நகரத் தலையும் நகர்ந்தது. சீராக. கண் சிமிட்டாமல்.

அது என் பிள்ளையை உறிஞ்சுது.

அந்த நினைப்பு வந்ததும் எல்லாம் கூடி வந்து பொருந்தின. பிள்ளை மெலிய மெலிய அது பெருத்துக்கொண்டு போகிறது. இவளை எடுத்து அது இலை விடுகிறது. அதனால்தான் ஜன்னலைப் பார்க்கிறது. குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அதே சமயம், காரணம் கிடைத்துவிட்டதில் ஒரு தெம்பும் வந்தது. எதிரி வெளியே, குழிக்குள் நிற்கிறான். பிள்ளை இங்கே, மடியில் இருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம் என்று நினைக்க அவள் விரும்பினாள்.

வெயில் தணிந்த ஒரு பிற்பகலில் செடிகளுக்கு நடுவே களை பிடுங்கும்போது முதல் தடவையாக அந்தச் சத்தம் கேட்டது. காற்று நின்றிருந்தது. பெரியவரின் அடியிலிருந்து, மூக்கடைத்த பிள்ளை தூக்கத்தில் முனகுவதுபோல ஒன்று வந்தது. இலைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், வேறென்ன. அவள் கையை மண்ணில் ஊன்றி அசையாமல் இருந்தாள். இலைகள் அசையவில்லை. முனகல் நின்றது. அவள் மூச்சு விட்டதும் மறுபடி தொடங்கியது.

அன்றைக்குத்தான் நாத்தனாரிடம் சொன்னாள்.

நாத்தனார் வாழையின் காய்ந்த மட்டைகளை அரிந்துகொண்டிருந்தாள். கதையைக் கேட்கக் கேட்க அரிவாள் மெதுவாகி, நின்றது.

"எந்தத் துணி?"

"பாப்பாவோட மஞ்சள் ஸ்வெட்டர்."

"போட்டுக்கிட்டிருந்ததா? இல்ல, சின்னதாப் போனதா?"

"போட்டுக்கிட்டிருந்தது."

நாத்தனார் அரிவாளை வைத்துவிட்டு உள்ளே போனாள். முன்னறை ஜன்னலருகே நின்ற குழந்தையின் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். கண்ணைப் பார்த்தாள். கையை எடுத்து விரல் நுனிகளை ஒவ்வொன்றாக முகர்ந்தாள். தயங்கி, முன்கையில் நறுக்கென்று கிள்ளினாள். குழந்தை அத்தையைப் பார்த்தது, பிறகு வெயிலைப் பார்த்தது.

"என்ன பண்றீங்க? பிள்ளையைப் போய்க் கிள்றீங்க."

"பிள்ளைன்னா அழுதிருக்கும்" என்றாள் நாத்தனார்.

இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் விழுங்கியதெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. "அதை வெட்டிப் போட்டுடலாம் அண்ணி. வேரோட."

"வெட்டினே, உன்னை நான் உயிரோட விடமாட்டேன்." குரல் உயரவில்லை. அதனாலேயே அது அறை முழுக்க நின்றது. "செத்தவங்க துணியை வச்சா ரெண்டு நாள் அந்த ஆளைத் தேடும். ஆள் கிடைக்காது. அடங்கிடும். இருக்கிறவங்க துணியை வச்சா தேடிக் கண்டுபிடிச்சிடும்."

"கண்டுபிடிச்சு?"

"வச்சுக்கும்."

"இங்கதானே இருக்கா என் பொண்ணு. எதை வச்சுக்கிச்சு?"

நாத்தனார் குழந்தையைப் பார்த்தாள். "உனக்குப் பிள்ளை வேணுமா வேண்டாமா?"

"வேணும். அதுக்குத்தான் வெட்டச் சொல்றேன்."

"வேணும்னா மூடு. இந்தக் குளிருக்கு ஒரு சொட்டுப் பனி உள்ள போகாம மூடு. வச்சுக்கிட்டதை அது குளிர் தாண்டித்தான் விடும், விட்டா. அதுவரைக்கும் அது சாகக் கூடாது."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்போட்டாள். செடிக்காகப் பேசுகிறாள். பிள்ளை பெறாதவள், குழியில் நிற்கிற அந்தச் சனியனைத்தான் பிள்ளையாக வளர்த்திருக்கிறாள். அதற்கு ஒன்றென்றால் என் பிள்ளையைப் பிள்ளையே இல்லை என்பாள். புருஷன் போனில் வந்தபோது அழுதாள். கடல் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் உடைந்து உடைந்து வந்தது. "அக்கா சொல்றபடி கேட்டுக்கோ. அவளுக்குத் தெரியும்."

"பாப்பாகிட்ட பேசறீங்களா?"

போனைக் குழந்தையின் காதில் வைத்தாள். குழந்தை கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். "லைன்ல யாருமே இல்லையே" என்று வைத்துவிட்டான்.

கோடை போனது. மழையென்று பேருக்கு நாலு தூறல் விழுந்தது. காற்றில் அந்தக் கூர்மை வந்தது. மூக்கு நுனி சிவக்கும், குழாயைத் தொட்டால் விரல் ஒட்டும். நாத்தனார் வைக்கோல் கட்டுகளை இறக்கினாள். சாக்குகளைத் துவைத்துக் காயப்போட்டாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து சட்டைகளோடு தன் கல்யாணப் போர்வையையும் எடுத்து வெளியே வைத்தாள். பிறகு ஒரு தொட்டியைத் தூக்கப்போனவள் இடுப்பு பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அக்கம்பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் பிடித்து, அடுக்களையில் கட்டில் போட்டுக் கிடத்தினார்கள். அங்கிருந்து ஜன்னல் வழியாகத் தோட்டம் தெரியும்.

அன்று மாலை வானத்தில் ஒரு மேகம் இல்லை. மேகம் இல்லாவிட்டால் பனி உறுதி.

"இன்னிக்கு விழும்" என்றாள் நாத்தனார் கட்டிலிலிருந்து. முகம் வியர்த்திருந்தது. "போ. வெட்டி மூடு. நான் உன்னை எவ்வளவோ பேசியிருக்கேன். அதையெல்லாம் அப்புறமா வச்சுக்க. இதை மட்டும் செய்."

நாத்தனார் கெஞ்சி அவள் கேட்டதில்லை. அது பயத்தைக் குறைக்கவில்லை. கூட்டியது.

குழந்தையைத் தனியே விட மனமில்லாமல் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். ஈரச்சாக்குகள் விறைத்துத் தொங்கின. மண்ணிலிருந்து இரும்பு வாடை வந்தது. சுவருக்கு மேலே கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. வாழைகள் கறுத்து நின்றன. பெரியவரின் இலைகள் கூரைபோல் கவிந்து அடியில் ஒரு அறையளவு இருட்டைப் பிடித்து வைத்திருந்தன.

அரிவாளால் முதல் காம்பை வெட்டினாள். இலை ஒரு ஆள் விழுவதுபோல் பொத்தென்று விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. முள் மணிக்கட்டைக் கீறியது. வெட்ட வெட்ட மூச்சு வெண்புகையாக வந்தது. குழந்தை பக்கத்தில் நின்றது, முகத்தைச் சுவருக்கு மேலே இருந்த சிவப்புக்குத் திருப்பிக்கொண்டு. அதன் வாயிலிருந்து புகை வரவில்லை.

அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததை உடனே கண்ணிலிருந்து தள்ளிவிட்டாள்.

கடைசி இலை சாய்ந்தது. குருத்து வெளியே வந்தது.

போன வருஷம் முழங்கால் உயரம். இப்போது அவள் இடுப்புக்கு மேல். போன வருஷச் சீருடையின் மடிப்பைப் பிரித்துப் போடும் அளவுக்குப் பிள்ளை வளர்ந்திருந்தால் எந்த உயரம் இருக்குமோ அந்த உயரம். செதில் செதிலாகப் பழுப்பு உறை சுற்றியிருந்தது. உறைகளின் இடுக்கில் ஏதோ தெரிந்தது. நூல். அவள் குனிந்தாள். மஞ்சள் நூல். பின்னல் பிரியாமல், கழுத்துப் பட்டையோடு, உறைக்குள் இறுக்கமாக. வளர்ந்த உடம்பில் மாட்டிய பழைய சட்டைபோல, அதன் தையல்கள் விண்ணென்று தெறிக்க நின்றன.

உள்ளே ஏதோ அசைந்தது.

"அம்மா."

மூக்கடைத்த குரல். இழுத்த குரல். பஞ்சாயத்துக்கு வரும் குரல்.

"அம்மா, கழுத்துல குத்துதும்மா."

அவள் கை அரிவாளை விட்டுவிட்டது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

"குத்துதுன்னு யார்கிட்ட சொல்றது? கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். நீ வரவே இல்ல." ஒரு விசும்பல். பிறகு கோபம், அந்தப் பழைய கோபம். "வாயை மூடிட்டுத்தான் இருந்தேன். இவ்வளவு நாள் மூடிட்டுத்தானே இருந்தேன். இப்ப குளிருது. மூடும்மா."

அடுக்களை ஜன்னலில் கை தட்டும் சத்தம். கட்டிலிலிருந்து எப்படியோ எழுந்து கம்பியைப் பிடித்து நின்றிருந்தாள் நாத்தனார். "என்ன பாத்துட்டு நிக்கறே? மூடுடி. உன் கால்ல விழறேன், மூடு."

அவள் வைக்கோலைப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள். தன் இடது கைக்குள் இருந்த சின்னக் கையைப் பார்த்தாள். அமைதியான கை. இழுக்காத கை. எதற்கும் ஏன் என்று கேட்காத கை. இதுதான் என் பிள்ளை. இத்தனை மாதம் நான் குளிப்பாட்டிய, ஊட்டிய, பக்கத்தில் படுக்கவைத்த பிள்ளை இதுதான். அது என் பிள்ளையின் குரலைத் திருடியிருக்கிறது. திருடியதை என்னிடமே காட்டுகிறது. அப்படி இல்லையென்றால். அப்படி இல்லையென்றால் நான் இத்தனை மாதம் நிம்மதியாக இருந்ததற்கு என்ன பேர்?

அந்தக் கேள்வியை அவள் முடிக்கவில்லை.

"அம்மா. சீக்கிரம்மா."

சுவருக்கு மேலே இருந்த சிவப்பு அணைந்தது. இலைகள் வெட்டுப்பட்ட இடங்களில் வடிந்த நீர் அப்படியே நின்று வெளுத்தது. பனி இறங்கத் தொடங்கியிருந்தது, சத்தமில்லாமல், எல்லாவற்றின் மேலும்.

அவள் போர்வையை மடித்தாள். நாலாக, ஓரம் பிசகாமல் மடித்து, வைக்கோல் கட்டின்மேல் வைத்தாள்.

"மாட்டேன்" என்றாள். மெதுவாக, அடம்பிடிக்கும் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "மூட மாட்டேன் கண்ணு."

குருத்துக்குள் அழுகை எழுந்து, பல் கிட்டிப்போய், மெலிந்தது. ஜன்னல் கம்பியில் நாத்தனாரின் நெற்றி மோதிக்கொண்டே இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அழுகை நின்றது.

தோட்டத்தில் அதற்குமேல் ஒரு சத்தமும் இல்லை. அவளுடைய மூச்சு ஒன்றுதான் வெளுத்து எழுந்தது.

பிறகு அவள் பாதத்தின்மேல் ஏதோ விழுந்தது. குளிர்ந்த ஒரு துளி. இன்னொன்று. அவள் குனிந்தாள். பிடித்திருந்த அந்தச் சின்னக் கையின் ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு துளி தண்ணீர் திரண்டு, கனத்து, தொங்கியது.

சொட்.

சொட்.